சபை அறைக்குப் பக்கத்துக் குசினி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கடிதம் எழுதுவேன், கடைச் சாமான் எழுதுவேன், அவ்வளவுதான். இங்கே டென்மார்க்கில், டோஸ்ட்ருப் என்கிற ஊரில் இருக்கிற எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருத்தி இந்த முறை ரெகியோன் தேர்தலில் நிற்கிறாள். அவள் வைலே நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அன்ரி, நீங்கள் இங்கரோட வேலை செய்தனீங்களாமே? அந்த மனிசி எப்பிடி? எழுதித் தாங்கோவன், எங்கடை சங்க மலரிலை போடுவம்" என்று கேட்டாள். வாயால் சொல் என்றால் எனக்கு வராது. நாலு பேருக்கு முன்னால் நா ஒட்டிக்கொள்ளும். எழுதினால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று ஒத்துக்கொண்டேன்.

இப்போது ரெகியோன் என்கிறோமே, அதற்கு முன்பு இருந்தது அம்ட், மாவட்டம் மாதிரி. ஆஸ்பத்திரிகள், பெரிய ரோட்டுகள், ஏலாதவர்களின் விடுதிகள் எல்லாம் அதன் பொறுப்பு. சனங்கள் வாக்குப் போட்டு அனுப்புகிற சபை ஒன்று அதை நடத்தும். எண்பதுகளின் நடுவில் எங்கள் அம்ட் சபையின் தலைவி இங்கர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரி. நான் அந்தச் சபை அறைக்குப் பக்கத்துக் குசினியில் கோப்பி போட்டவள். போட்ட கோப்பிக்கு ஒருவரும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கப்பலில் வந்து இறங்கி இரும்பு உருக்கும் பட்டறையில் வேலை எடுத்தார். நான் இரண்டு வருடம் கழித்து வந்தேன். குசினியில் மூத்தவளாக இருந்த டெனிஷ் மனிசி மூன்று மாதம் எனக்கு வேலை பழக்கினாள். கோப்பை, கரண்டி, கேத்தில், "இன்னும் வேணுமா", "போதுமா" என்பதெல்லாம் அவளிடம் படித்த டெனிஷ்தான். பிறகு அவள் பென்சன் எடுத்துக்கொண்டு போக, குசினி என் கைக்கு வந்தது.

வேலை இப்படி. சபை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கூடும். நான் ஏழரைக்கு நிற்பேன். மேசை குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் கோப்பை, சோசர், தண்ணீர்க் கிளாஸ், சாம்பல் தட்டு. அந்தக் காலம் எல்லாரும் அறைக்குள்ளேயே புகைத்தார்கள். சாம்பல் தட்டை மத்தியானத்துக்குள் இரண்டு தரம் கொட்ட வேண்டும். உருண்டைப் பாணை வெட்டி வெண்ணெய் பூசித் துணி மூடி வைக்க வேண்டும், முன்னதாக வெட்டினால் காய்ந்துவிடும். ஆர் எந்தக் கதிரை, ஆருக்குப் பால், ஆருக்குச் சீனி எல்லாம் எனக்கு மனப்பாடம். இடது கைப் பக்கம் இங்கரின் ஆட்களும் அவர்களோடு சேர்ந்த சின்னக் கட்சிக்காரரும். வலது கைப் பக்கம் விவசாயிகளும் வியாபாரிகளும். இடது பக்கத்தில் ஒரேயொரு கோப்பை கூட. அந்த ஒரு கோப்பையில்தான் இங்கரின் தலைமை நின்றது.

இன்னொரு பொறுப்பும் எனக்கு இருந்தது. குசினிக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. வாக்கெடுப்புத் தொடங்கப் போகிறது என்றால் இங்கர் மேசைக்குக் கீழே ஒரு பொத்தானை அமத்துவார். விளக்கு எரியும். அந்த நேரம் குசினியிலோ நடையிலோ உறுப்பினர் ஆராவது நின்றால் அவருக்குச் சொல்லி உள்ளே அனுப்புவது குசினிக்காரியின் வேலை. இங்கர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சரியாக இரண்டு நிமிடம் காத்திருப்பார். ஒன்றரை நிமிடத்தில் எல்லாரும் வந்திருந்தாலும் மிச்ச அரை நிமிடத்தையும் இருந்து முடிப்பார். பிறகுதான் கை உயர்த்தச் சொல்வார்.

இங்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினாலு வயதில் சேட் தைக்கிற பக்டரிக்குப் போனவர். கொலர் தைக்கிற மெசினில் பதினாறு வருடம். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி, பிறகு நகரசபை, பிறகு அம்ட். ஆராவது நீட்டிப் பேசினால் இங்கரின் கண் அவருடைய கொலருக்குப் போகும். தையலைப் பார்க்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். மெல்லிய சுருட்டுக் குடிப்பார். சத்தம் போட மாட்டார். ஒருவர் பிழையாகப் பேசினால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அப்படியே இருப்பார். பேசுகிறவர் தானாகவே நிறுத்திவிடுவார். கூட்டம் முடிந்தால் தன் கோப்பையைத் தானே கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். எனக்கு அது முதலில் பெரிய கூச்சம். வேண்டாம் என்று பிடுங்கப் போய்விட்டேன். "ரெஜினா, நானும் ஏழு வருசம்தான் பள்ளிக்கூடம் போனனான். கோப்பை கழுவத் தெரியும்" என்றார்.

ஒரு பிழை நான் விட்டேன். எங்கள் பழக்கத்தில் பெரியவருக்குத்தானே முதலில் கொடுப்போம்? முதல் மூன்று கூட்டமும் நேரே இங்கரிடம் போய் ஊற்றிவிட்டு, பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றினேன். மூன்றாம் கூட்டம் முடிய அவர் குசினிக்கு வந்து கதவைச் சாத்தினார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்: தனக்கு முதலில் ஊற்றினால் எதிர்ப் பக்கத்தார் இந்தக் குசினி தலைவியின் குசினி என்று நினைப்பார்கள், இது சபையின் குசினி. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளில் தொடங்கி வரிசையாக வா, நடுவில் என் கதிரைக்கு வரும்போது எனக்கு ஊற்று என்றார். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் நில்ஸ். பன்றி வளர்க்கிற விவசாயி. இங்கருக்குச் சபையிலே பெரிய எதிராளி அவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கோப்பி எதிராளிக்குத்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் எனக்குக் கன காலம் வராத விசயம். அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. அந்த ஆள் திரும்பிப் பார்க்கும் வரை பக்கத்தில் போய் நிற்பேன். இரண்டு வருடம் இப்படியே நின்று சமாளித்தேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் சனம் டென்மார்க்குக்கு வந்து இறங்கத் தொடங்கியது. நாட்டில் நடந்தது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். என் தம்பி செபஸ்தியும் பெண்சாதியும் வந்து சேர்ந்தார்கள். அவர்களை வேறு நூறு பேரோடு கடற்கரையில் ஒரு கோடைகால விடுதியில் வைத்திருந்தார்கள். பலகைச் சுவர், பனிக்காலத்துக்குக் கட்டாத கட்டடம். தம்பியின் பெண்சாதிக்கு ஏழு மாதம். கோடைக்கு முன் அந்த விடுதியைக் காலி பண்ண வேண்டும். எங்கள் அம்ட்டில் ஒரு பழைய ஆஸ்பத்திரியின் நேர்ஸ்மார் விடுதி பூட்டிக் கிடந்தது. அதைக் கொடுத்தால் அவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் வருவார்கள், ஆஸ்பத்திரியும் பக்கத்தில். கொடுக்காவிட்டால் கப்பலேறிப் போகிற ஒரு தீவுக்கு அனுப்புவதாகக் கதை. கொடுப்பதா இல்லையா என்பது எங்கள் சபையின் வாக்கெடுப்புக்கு வந்தது.

தம்பி போன் எடுத்தான். "அக்கா, நீங்கள் அந்த மனிசியோட ஒரு வார்த்தை கதையுங்கோவன்."

"நான் கோப்பி குடுக்கிறவள், தம்பி. அதெல்லாம் நான் கதைக்கேலாது."

"கோப்பி குடுக்கேக்கை வாயைப் பூட்டியே விட்டிருக்கினம்?"

கோபத்தில் போனை வைத்துவிட்டான். நான் இங்கரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது என் நேர்மையோ, வெட்கமோ, இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும்.

வாக்கெடுப்பு நாள் வந்தது. பார்வையாளர் வாங்குகள் நிறைந்து, ஆட்கள் சுவரோடும் நின்றார்கள். விடுதி இருக்கிற ஊர்க்காரர்கள்தான் கூட. நான் கோப்பி ஊற்றிக்கொண்டு வரும்போது இடது பக்கம் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அந்த உறுப்பினருக்கு வயிற்றுவலி வந்து விடியக்காலை ஆஸ்பத்திரியில் வைத்து ஒப்பரேசன் செய்துவிட்டார்களாம். கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். இடது பக்கத்தில் கூட இருந்த அந்த ஒரு கோப்பை இன்றைக்கு இல்லை. இரண்டு பக்கமும் சமம். சமமாக வந்தால் பிரேரணை விழும். கணக்கிலே இருந்ததில் ஒரு சோசரில் கோப்பி சிந்தியது. அதைத் துடைத்துவிட்டுக் குசினிக்கு வந்தேன்.

உள்ளே பேசுவது குசினி யன்னலால் கேட்கும். நில்ஸ் எதிர்த்துப் பேசினார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. அந்த ஊரில் ஒரு கடைதான், பள்ளிக்கூடம் இல்லை, சூடாக்குகிற குழாயெல்லாம் பழசு, இந்தச் சனத்தைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு எல்லாரும் மறந்துவிடுவீர்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கே தெரியும். ஆனால் தம்பியின் பெண்சாதி இருந்த பலகைச் சுவரை அவர் பார்த்ததில்லை. இங்கர் பதில் சொன்னார், வேறு சிலரும் பேசினார்கள். பேச்சு முடியிற நேரம் நில்ஸ் புகைக்கிற பைப்பை எடுத்துக்கொண்டு எழும்பிக் குசினிக்கு வந்தார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

விளக்கு எரிந்தது.

நான் கழுவுகிற தொட்டிக்கு முன்னால், அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவர் இங்கேயே இருந்தால் வலது பக்கத்தில் ஒரு வாக்குக் குறையும். குறைந்தால் தம்பி குடும்பம் வந்து சேரும். இவருடைய கவனம் பைப்பிலே இருந்தது. விளக்கை இவர் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நான் திரும்பாமல் கோப்பை கழுவிக்கொண்டே நின்றால் போதும். இரண்டு நிமிடம். ஒருவரும் என்னைக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் தண்ணீர்ச் சத்தத்தில் கவனிக்கவில்லை என்றால் முடிந்தது. மாதாவே, நான் கழுவின அந்த ஒரு கோப்பையை எத்தனை தரம் கழுவினேன் என்று தெரியாது.

இது சபையின் குசினி. தண்ணீர்க் குழாயைத் திருகிப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அவர் நிமிரவில்லை. நேரம் போகிறது.

"நில்ஸ்" என்றேன். அந்தக் கட்டடத்தில் நான் ஒரு மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். "வாக்கெடுப்பு."

"தெரியும்" என்று நெருப்புக் குச்சியைத் தட்டினார்.

என் டெனிஷ் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். "சிவப்பு விளக்கு எரியுது. நீங்கள் உள்ளை போகவேணும்."

அவர் பதில் சொல்ல முன் கதவு திறந்தது. அவருடைய கட்சி இளம் உறுப்பினர் ஒருவர் தலையை நீட்டினார். "நில்ஸ், எழும்பு. உன்ரை கை ஒண்டுதான் குறையுது."

"நான் காலமை போனிலை இங்கருக்குச் சொல்லிப்போட்டன். அவையளிலை ஒராள் குறைய, எங்களிலை ஒராள் குறையிறது. எப்பவும் அப்பிடித்தான்."

"அதை ஆர் எழுதி வைச்சது?"

"ஒருத்தரும் எழுதேல்லை. எழுதியிருந்தால் நான் இஞ்சை இருக்கத் தேவையில்லை." பைப்பை இழுத்துவிட்டுச் சொன்னார், "ஒருத்தன்ரை வயித்தை வெட்டினதாலை நான் வெல்லுறதோ? போ, போய் உன்ரை கையைத் தூக்கு."

கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் விளக்கும் அணைந்தது. உள்ளே சத்தம் எழும்பியது, சிலர் கத்தினார்கள், இங்கர் மேசையில் தட்டுவது கேட்டது. ஒரு வாக்கால் நிறைவேறிவிட்டது. கழுவின கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கினேன்.

நில்ஸ் கோப்பையை நீட்டினார். ஊற்றினேன்.

"உன்ரை நாட்டு ஆக்கள்தானே வரப்போகினம்?" என்று கேட்டார்.

"என்ரை தம்பி வாறான். தம்பியும் பெண்சாதியும்."

அவர் வாயிலிருந்து பைப்பை எடுத்தார். "அதை வைச்சுக்கொண்டே என்னை உள்ளை போகச் சொன்னனி?"

"விளக்கு எரிஞ்சது" என்றேன்.

அடுத்த நாள் இங்கர் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். அந்த அறைக்கு நான் தட்டம் இல்லாமல் போனது அதுதான் முதல் தரம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதிரையைக் காட்டினார், இருந்தேன். நில்ஸ் எல்லாம் சொல்லிவிட்டார் என்றார். புகழப் போகிறாராக்கும் என்று மனதுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது, மறைக்கவில்லை. இங்கர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உதவி கேக்கிற மாதிரி இருக்கும் எண்டு."

"உதவி கேக்கிறது வேறை, இது வேறை. சபையிலை ஆருக்கும் சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விசயம் வந்தால் அவர் முதலே சொல்லிப்போட்டு எழும்பி வெளியிலை போகவேணும். நானும் போயிருக்கிறன், என்ரை தமையன்ரை காணிக்குள்ளாலை ரோட்டு வந்த நேரம்."

"அது உறுப்பினர்மாருக்கு. நான் கோப்பிதானே குடுக்கிறன்."

"விளக்கு ஆற்றை பொறுப்பு?"

"என்ரை."

"அப்ப?"

இங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இனி அப்படி வந்தால் காலையிலேயே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன். எழும்பிக் கதவுக்கு வந்தபோது, "பிள்ளை எப்ப பிறக்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கதை.

குசினிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏச்சு வாங்கியதற்கு அழவில்லை. நான் அந்தக் கட்டடத்தில் இரண்டு வருடம் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நடந்து திரிந்தவள். ஒருவரும் என்னைக் காணவில்லை என்று நினைத்திருந்தேன். சபைக்கு இருக்கிற சட்டம் உனக்கும் இருக்கிறது என்று அந்த நாட்டில் எனக்கு முதலில் சொன்னது இங்கர்தான். பின்னேரம் என் வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "உதவியும் செய்யாமல் பேச்சும் வாங்கிக்கொண்டு வந்து சிரிக்கிறாய்" என்றார்.

தம்பி குடும்பம் வசந்தத்தில் வந்தது. பிள்ளை பக்கத்தில் இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது. தம்பிக்கு நான் குசினியில் நடந்ததைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நில்ஸ் அன்றைக்கு உள்ளே போயிருந்தால் அவன் என்னோடு வாழ்நாளில் கதைத்திருக்கமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் கழித்து அவனே வந்தான். "அக்கா, நீங்கள் ஒரு விசர் மனிசி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

இங்கர் பிறகும் இரண்டு தேர்தலில் வென்றார். மூன்றாவதில் தோற்றார். தோற்ற அன்றும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார். நான் இருபத்திரண்டு வருடம் அந்தக் குசினியில் நின்றேன். நாலு தலைவர்களைப் பார்த்தேன். வந்த ஒவ்வொரு புதுத் தலைவருக்கும் முதல் கூட்டத்தில் நான் தனக்கு முதலில் ஊற்றாததைப் பார்த்து முகம் சுருங்கும். பிறகு பழகிவிடுவார்கள்.

எழுத வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அந்த வாக்கெடுப்பு முடிந்து ஒன்றரை வருடத்தில் நேர்ஸ்மார் விடுதிக் காலத்தை நீட்டுவதா என்று மறுபடியும் சபைக்கு வந்தது. தம்பி குடும்பம் அப்போதும் அங்கேதான். நீட்டாவிட்டால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மறுபடி வேறு இடம். கூட்டத்தன்று காலை ஏழரைக்கு வழக்கம்போலக் கோப்பைகளை வைத்தேன். பாணை வெட்டினேன். கோப்பியை வடித்துக் கேத்தில்களில் ஊற்றி மூடினேன். பிறகு இங்கரின் அறைக் கதவைத் தட்டினேன்.

"இங்கர்" என்றேன். பெயர் சொல்லித்தான். "இண்டைக்கு என்ரை தம்பியின்ரை விசயம் வருது."

அவர் நாட்குறிப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப நீ வெளியிலை" என்றார்.

அந்த விசயம் தொடங்கும்போது நான் ஏப்ரனைக் கழற்றி மடித்துவிட்டு, நடையில் இருக்கிற வாங்கில் போய் உட்கார்ந்தேன். சொந்தக்காரர் விசயம் வந்தால் உறுப்பினர்மார் வந்து இருக்கிற வாங்கு அது. கதவு மூடினது. உள்ளே பேசுவது அங்கே கேட்காது. கோப்பைச் சத்தம் மட்டும் கேட்டது. ஆர் ஊற்றுகிறார்கள் என்று யோசித்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். வேலை நேரத்தில் நான் சும்மா இருந்தது அந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த முப்பது நிமிடம்தான். பயமாகத்தான் இருந்தது, பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் முதுகை நிமிர்த்தித்தான் இருந்தேன்.

கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது நில்ஸ். நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"நான் எதிர்த்துத்தான் கை தூக்கினனான், ரெஜினா" என்றார். "நீ என்ரை வாயாலை கேக்கவேணும் எண்டு வந்தனான்."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

"ஆனால் தோத்திட்டம். ஒரு வாக்காலை." பைப்பைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். "நீ இனி உள்ளை வரலாம். இங்கர் தானே கோப்பி ஊத்தப்போய் எல்லாற்றை சோசரிலையும் சிந்தி வைச்சிருக்கிறா."